ஓர் இரவு தொங்கிய கறி: தண்டையார்பேட்டைக் கறிக்கடை ஒன்றின் மதிப்புரை

தண்டையார்பேட்டை மெட்ரோ நிலையத்தில் இறங்கி, திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே பிரியும் தெருக்களில் ஒன்றில் சற்று நடந்தால் வரும் இந்தக் கறிக்கடையை வட்டாரத்தில் எல்லாரும் பாய் கடை என்றே சொல்கிறார்கள். வடசென்னையில் பாய் கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் விடியலில் வெட்டிய ஆட்டை அன்று காலையே விற்றுத் தீர்க்காமல், படிப்படியாகக் குளிரவைத்து, குறைந்தது ஓர் இரவு கொக்கியில் தொங்கவிட்டு மறுநாள்தான் கட்டைக்குக் கொண்டுவரும் கடை, நான் பார்த்தவரையில் இது ஒன்றுதான். ஆட்டுக்கறியின் மென்மையிலும் சுவையிலும் அக்கறை உள்ளவர்கள் இங்கே வாங்கிச் சமைத்துப் பார்க்க வேண்டும் என்பதே என் முடிவு. அந்த முடிவுக்கான காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். ஏனெனில் இக்கடையின் சிறப்பு ஆட்டின் இனத்தில் இல்லை; உயிர் பிரிந்த நேரத்திலிருந்து துண்டாகும் நேரம் வரை அந்த உடலைக் கையாளும் விதத்தில் இருக்கிறது.

இந்த முறையை நான் கற்றுக்கொண்டது மான் உடல்களிலிருந்து. ஸ்காட்லாந்தில் காட்டு மான் இறைச்சியைப் பதப்படுத்தும் கூடம் ஒன்றில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். அங்கே ஓநாய் போன்ற வேட்டை விலங்குகள் எப்போதோ அழிந்துவிட்டதால், பெருகிக்கொண்டே போகும் செம்மான்களின் எண்ணிக்கையைச் சட்டத்துக்கு உட்பட்டுச் சுட்டுக் குறைக்கிறார்கள். அந்த இறைச்சி முறையான சோதனைகளைத் தாண்டிக் கடைக்கு வருகிறது. நம் நாட்டு நிலை முற்றிலும் வேறு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இங்கே மானை வேட்டையாடுவதும், அதன் இறைச்சியை விற்பதும், வைத்திருப்பதும் குற்றம். கிண்டி தேசியப் பூங்காவில் மேயும் புள்ளிமானும் வெளிமானும் நாம் பார்த்து மகிழ்வதற்கு உரியவை. ஆகவே இந்தக் கடையில் மான் கறி கிடைக்குமா என்று யாரும் போய்க் கேட்க வேண்டாம். மான் உடலை நல்ல இறைச்சியாக்கும் அறிவு, ஆட்டு உடலுக்கும் ஏறக்குறைய அப்படியே பொருந்துகிறது என்பது மட்டுமே நான் சொல்ல வருவது.

நம் ஊரில் கறி வாங்கப் போகிறவர் முதலில் கேட்கும் கேள்வி, இன்றைக்கு வெட்டியதுதானா என்பது. நான் வரிசையில் நின்றிருந்தபோது ஒரு வயதான அம்மா இதையேதான் கேட்டார். "இல்லம்மா, நேத்து விடியகாலைல வெட்டுனது. இன்னைக்கு வெட்டுனதுதான் வேணும்னா பக்கத்துத் தெருவுல கிடைக்கும். இத ஒருதடவ எடுத்துட்டுப் போய்ப் பாருங்க" என்று கடைக்காரர் மறைக்காமல் பதில் சொன்னார். அந்த அம்மா தயங்கித் தயங்கிக் கால் கிலோ மட்டும் வாங்கிக்கொண்டு போனார். அவருடைய தயக்கம் நியாயமானது. குளிர்சாதனம் இல்லாத காலத்தில், சித்திரை வைகாசியில் நள்ளிரவிலும் வெக்கை தணியாத இந்த ஊரில், நேற்றைய கறி என்றால் கெட்டுப்போன கறி என்றே பொருள். அன்றைய கறியைத் தேடும் பழக்கம் அந்த அனுபவத்திலிருந்து வந்தது. ஆனால் குளிரறை வந்த பிறகும் அதே அளவுகோலைப் பிடித்துக்கொண்டிருப்பதால், ஆட்டின் தசை மிகக் கடினமாக இருக்கும் நேரத்தைத் தேடிப் பிடித்து நாம் கறி வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

ஆடு இறந்தாலும் அதன் தசை உடனே ஓய்ந்துவிடுவதில்லை. தசையில் சேமித்து வைக்கப்பட்டிருக்கும் கிளைகோஜன் என்ற மாவுப்பொருள், பிராணவாயு வராத நிலையில் லாக்டிக் அமிலமாக மாறிக்கொண்டே இருக்கும். அதனால் உயிருள்ளபோது 7-ஐ ஒட்டி இருந்த பி.எச். (அமிலம் கூடக் கூட இறங்கும் எண்) அளவு, ஒரு நாளைக்குள் 5.5 அளவுக்கு இறங்குகிறது. இந்த இறக்கத்தின் நடுவே தசைக்குச் சக்தி தரும் பொருள் தீர்ந்துபோகும்போது, தசை இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு விட முடியாமல் இறுகிவிடுகின்றன. அதுதான் விறைப்பு. ஊர்ப்புறத்துக் கிடா விருந்தில், வெட்டிய கையோடு விறைப்பு ஏறுமுன் அடுப்பில் ஏற்றிய கறி மெத்தென்று இருப்பதற்குக் காரணம் இதுவே. நகரத்திலோ பின்னிரவில் வெட்டிய ஆட்டைக் காலை எட்டு ஒன்பது மணிக்கு வாங்கி, பத்து மணிக்குக் குக்கரில் வைக்கிறோம். விறைப்பு ஏறுவதும் ஏறக்குறைய அந்த நேரத்தில்தான். விறைப்பு தானாகத் தளர்வதில்லை. தசைக்குள்ளேயே இருக்கும் கால்பெய்ன் முதலான நொதிகள், இழைகளைக் கட்டி வைத்திருக்கும் புரதங்களை மெல்ல மெல்ல அறுப்பதால்தான் கறி இளகுகிறது. அந்த வேலைக்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தில் வெளியிலிருந்து கிருமி பெருகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். தொங்கவிடுதல் என்ற தொழிலின் சாரம் இவ்வளவுதான்.

நல்ல கறியின் கணக்கு, கத்தி படுவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. மான் கூடத்தில் ஓர் உடலின் தோலை உரித்துப் பார்த்ததும், அது அமைதியாக மேய்ந்துகொண்டிருந்தபோது ஒரே குண்டில் விழுந்த மானா, காயம்பட்டு நெடுந்தூரம் ஓடிய மானா என்று அனுபவசாலிகள் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். ஓடிய மானின் தசையில் கிளைகோஜன் முழுவதும் கரைந்துபோயிருக்கும், இறந்த பிறகு அமிலமாக மாறுவதற்குச் சரக்கு இருக்காது, பி.எச். 6-க்கு மேலேயே நின்றுவிடும். அப்படிப்பட்ட கறி கறுத்து, கையில் பிசுபிசுவென்று ஒட்டி, சீக்கிரம் கெட்டுப்போகும். அதை எத்தனை நாள் தொங்கவிட்டாலும் நல்ல கறியின் சுவை வராது. லாரியில் நெருக்கி அடைத்துப் பல மணி நேரம் வந்து, இறங்கியதும் இழுத்துச் செல்லப்படும் ஆட்டுக்கும் இதே கதிதான். இந்தக் கடைக்காரர் சந்தையில் வாங்கிய ஆடுகளை வெட்டும் நாளுக்கு முன்பே கொண்டுவந்து, நிழலான கொட்டகையில் தண்ணீரும் தீனியும் கொடுத்து நிறுத்தி வைக்கிறார். கடைசி 12 மணி நேரம் தீனியை நிறுத்திவிட்டுத் தண்ணீர் மட்டும் காட்டுகிறார். இரைப்பை பாதி காலியாக இருந்தால் குடல் எடுக்கும்போது கிழிவதும் சிந்துவதும் குறையும். கொட்டகையில் ஆடுகளைக் காதைப் பிடித்தோ மயிரைப் பிடித்தோ தூக்கக் கூடாது என்று ஆட்களுக்குக் கட்டளையிட்டிருக்கிறார். இரக்கத்துக்காகவும் அது சரி. கறிக்காகவும் சரி, ஏனெனில் பிடித்த இடத்தில் கன்றிப்போன தசையை வெட்டி எறியத்தான் வேண்டும்.

ஆடுகள் வெட்டப்படுவது புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டியில். கால்நடை மருத்துவர் பார்த்து முத்திரை குத்திய பிறகே உடல் கடைக்கு வருகிறது. கடைக்காரர் தம் ஆட்களையே அனுப்பி, குடல் எடுக்கும் வேலையைத் தம் முறைப்படி செய்ய வைக்கிறார். கேட்டுக்கொண்டு ஒருநாள் உடன் சென்று பார்த்தேன். ஓர் இளைஞர் கழுத்தில் உணவுக்குழாயை மூச்சுக்குழாயிலிருந்து விரலால் பிரித்து, நூலால் இறுக்கிக் கட்டினார். பின்புறத்தில் மலக்குடலைச் சுற்றி அறுத்து, வெளியே இழுத்து, அதையும் முடிச்சிட்டார். அதன் பிறகு வயிற்றைக் கீறும்போது கத்தியின் முனை வெளிப்பக்கம் பார்க்க, இரண்டு விரல்களைக் கத்திக்கு இருபுறமும் கொடுத்து, குடல் மேல் முனை படாமல் மேலிருந்து கீழே இழுத்தார். இரைப்பையும் குடலும் ஒரே தொகுதியாக, ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் வெளியே வந்தன. ஸ்காட்லாந்து மலைச்சரிவில் மானைச் சுட்டவுடன் செய்யும் முதல் வேலை இதுவே. நாங்களும் உணவுக்குழாயை இப்படித்தான் பிரித்து முடிச்சிடுவோம். அசைபோடும் விலங்கின் இரைப்பையில் உள்ளது தசையில் பட்டால், அதிலுள்ள கிருமிகள் அங்கே குடியேறிவிடும். 2015-இல் ஸ்காட்லாந்தில் மான் இறைச்சிப் பொருட்களோடு தொடர்புடைய இ.கோலை ஓ157 என்ற குடல் கிருமியின் தொற்று பரவிய பிறகு, அங்கே இந்த முடிச்சைப் பற்றி யாரும் அலட்சியமாகப் பேசுவதில்லை. குடலில் குண்டு பாய்ந்த மானைத் தொங்கவிடவே கூடாது என்பதும் அதே காரணத்தால்தான்.

இதைவிட என்னைக் கவர்ந்தது, இவர்கள் தண்ணீரைப் பயன்படுத்தும் விதம். பெரும்பாலான கடைகளில் உரித்த ஆட்டின் மீது வாளி வாளியாகத் தண்ணீரை ஊற்றிக் கழுவி, பிறகு ஈரத்துணியைப் போர்த்தி வைப்பார்கள். பார்ப்பதற்குச் சுத்தமாகத் தோன்றும். உண்மையில் ஓரிடத்தில் இருக்கும் அழுக்கை அந்தத் தண்ணீர் உடல் முழுவதும் பரப்புகிறது. ஈரமான மேற்பரப்பு கிருமிக்கு நல்ல விளைநிலமாகிறது. மான் கூடத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த விதி, அழுக்குப் பட்ட இடத்தைக் கழுவாதே, அந்த இடத்தைக் கத்தியால் செதுக்கி எறி என்பது. இங்கேயும் அதையே பார்த்தேன். தொடையின் உட்புறத்தில் தோலிலிருந்து ஒட்டிய மயிரும் சிறிது சாணமும் இருந்த இடத்தை, உள்ளங்கை அளவுக்குச் சீவி எடுத்துத் தனிக் கூடையில் போட்டார்கள். கத்தியை அடுத்த ஆட்டுக்குப் போகுமுன் கொதிநீரில் முக்கினார்கள். விற்கக்கூடிய கறியை இப்படிச் சீவி எறிவதற்கு ஒரு வியாபாரிக்கு மனம் வர வேண்டும்.

இனி இந்தக் கடையின் உயிர்நாடியான குளிரவைக்கும் முறைக்கு வருகிறேன். குளிரறை வைத்திருக்கும் கடைகள் சென்னையில் இப்போது நிறைய உண்டு. ஆனால் சூடு ஆறாத ஆட்டை நேராகக் கடுங்குளிரில் தள்ளினால் கறி முன்னைவிடக் கடினமாகிவிடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. நியூசிலாந்திலிருந்து ஏற்றுமதிக்காக வெட்டியவுடன் உறையவைக்கப்பட்ட ஆட்டுக்குட்டி இறைச்சி, வாங்கியவர்களின் பல்லுக்கு வேலை வைக்கும் அளவுக்குக் கடினமாக இருந்த சிக்கலின் பின்னணியில், லாக்கர், ஹாகியார்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1963-இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு இதற்கு விடை சொன்னது. விறைப்பு ஏறாத மாட்டுத் தசையை எலும்பிலிருந்து பிரித்து வெவ்வேறு வெப்பநிலைகளில் வைத்துப் பார்த்தபோது, 15 டிகிரியை ஒட்டிய வெப்பநிலையில் அது மிகக் குறைவாகவும், 0 டிகிரியை நெருங்கியபோது கிட்டத்தட்டப் பாதி நீளத்துக்கும் சுருங்கியது. அப்படிச் சுருங்கிய நிலையிலேயே விறைப்பு ஏறிவிட்டால், பிறகு எத்தனை விசில் விட்டாலும் அந்தக் கறி இளகுவது கடினம். அதனால்தான் வெட்டிய முதல் 10 மணி நேரத்துக்குள் தசையின் உள்வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது என்ற நடைமுறை விதி இறைச்சித் தொழிலில் வந்தது. பெரிய செம்மானின் தொடை பருமனாக இருப்பதால் மெதுவாகவே ஆறும். ஆட்டளவே உள்ள ரோ மானும், 10 முதல் 14 கிலோ வரையே எடை வரும் நம் வெள்ளாட்டு உடலும் மெலிந்தவை. மேலே கொழுப்புப் போர்வையும் கிடையாது. அவை மளமளவென்று குளிர்ந்துவிடும். ஆகவே ஆபத்து அவற்றுக்கே அதிகம்.

இந்தக் கடையில் இரண்டு அறைகள் இருக்கின்றன. முதல் அறை சாதாரண ஏசி பொருத்திய, ஜன்னலில் ஈவலை அடித்த அறை. சுவரில் மாட்டிய வெப்பமானி 16 டிகிரி காட்டியது. ஆட்டுத்தொட்டியிலிருந்து வரும் உடல்கள் மாலை வரை அங்கே மின்விசிறிக் காற்றில் தொங்குகின்றன. பிறகுதான் 2 முதல் 4 டிகிரியில் இருக்கும் உள் அறைக்குப் போகின்றன. வேறு பக்கமும் ஆபத்து உண்டு என்பதால் இந்த நடுவெப்பம் முக்கியம்: நம் ஊர் வெயிலில் 35 டிகிரி வெக்கையிலேயே விறைப்பு ஏறினாலும் தசை சுருங்கத்தான் செய்யும், போதாக்குறைக்குக் கிருமியும் பெருகும். ஐரோப்பிய விதிகளில் பெரிய காட்டு விலங்கின் உடலை முழுவதும் 7 டிகிரிக்குள் கொண்டுவர வேண்டும் என்று இருக்கிறது. மலைக்காற்றே பாதி வேலையைச் செய்துவிடும் ஸ்காட்லாந்தில் அது எளிது. தண்டையார்பேட்டையில் அதே அளவை எட்ட, மின்கட்டணத்தைக் கட்டித்தான் ஆக வேண்டும். மின்தடைக்கென்று தனியாக ஜெனரேட்டரும் வைத்திருக்கிறார்.

உள் அறைக்குள் நான் கவனித்தவை மனநிறைவு தந்தன. உடல்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல், இடையில் கை நுழையும் இடைவெளி விட்டுத் தொங்கின. ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் காற்று போகாது, அங்கேதான் முதலில் வழவழப்பு ஏறும். வயிற்றுப் பகுதி குச்சி கொடுத்து விரித்து வைக்கப்பட்டிருந்தது. கடைக்காரர் அனுமதியோடு கையைச் சுத்தம் செய்துகொண்டு ஓர் உடலைத் தொட்டுப் பார்த்தேன். முதுகின் மேற்பரப்பு அப்பளம் போல உலர்ந்து, விரலில் ஈரமோ பிசுபிசுப்போ ஒட்டவில்லை. விலா எலும்பின் உட்புறச் சவ்வு பளபளப்பு மாறாமல் இருந்தது. சிறுநீரகத்தைச் சுற்றிய கொழுப்பு வெண்மையாக, கெட்டியாக இருந்தது. மூக்கை வயிற்றுக்குள் கொண்டுபோய் முகர்ந்தபோது பச்சைக்கறிக்குரிய மெல்லிய வாடை தவிர வேறொன்றும் இல்லை. நல்ல முறையில் தொங்கிய உடலுக்கு இவையே அடையாளங்கள். வாடை வீசத் தொடங்கும்வரை வேட்டை இறைச்சியைத் தொங்கவிடும் பழைய வழக்கம் ஐரோப்பாவில் ஒரு காலத்தில் இருந்ததுண்டு. அதை நான் ஆதரிக்கவில்லை. உள்ளே நொதி செய்யும் வேலை கறியைப் பக்குவப்படுத்துகிறது, வெளியே கிருமி செய்யும் வேலை கறியை அழுக வைக்கிறது. இந்த இரண்டும் வெவ்வேறானவை.

மானைத் தோலோடு ஒரு வாரம் வரை, சில இடங்களில் அதற்கு மேலும் தொங்கவிடுவார்கள். தோல் இருப்பதால் கறி காயாது. நம் ஆடு தோல் உரித்துத்தான் வருகிறது. அதை ஒரு வாரம் தொங்கவிட்டால் மேற்புறம் கறுத்துக் காய்ந்து, சீவி எறிவதே பெரும் பங்காகிவிடும். ஓர் இரவு முதல் மூன்று இரவு வரை என்று இவர் வைத்திருக்கும் அளவு, தோலில்லாத சிறிய உடலுக்கு ஏற்ற அளவென்றே நான் நினைக்கிறேன். முன்கூட்டிச் சொன்னால் மூன்று இரவு தொங்கிய தொடையை எடுத்து வைக்கிறார். என் பரிந்துரை அதுதான்.

ஒரு யோசனையைக் கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். இங்கேயும் பதிவு செய்கிறேன். இப்போது எல்லா உடல்களும் பின்னங்கால் நரம்பில் கொக்கி மாட்டி, கால் நேராக நீட்டித் தொங்குகின்றன. இதில் முதுகுத் தசையும் தொடையின் பல தசைகளும் தளர்ந்த நிலையிலேயே விறைக்கின்றன. மாறாக, இடுப்பெலும்பில் இயற்கையாகவே உள்ள துவாரத்தில் கொக்கியை மாட்டினால், கால்கள் முன்னோக்கிச் சரிந்து, அந்தத் தசைகள் எடையால் இழுபட்ட நிலையில் விறைப்பு ஏறும். சுருங்க இடம் கிடைக்காததால் கறி மென்மையாகும். மாட்டு உடலிலும் செம்மறி உடலிலும் நன்கு தெரிந்த முறை இது. மான் உடல்களிலும் சோதித்துப் பலன் கண்டிருக்கிறார்கள். இதற்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. ஆனால் தொடையின் வடிவம் சற்று மாறிவிடும், வாடிக்கையாளர்கள் அதைப் பார்த்துச் சந்தேகப்படுவார்கள் என்று அவர் தயங்குகிறார். "ரெண்டு ஆட்ட மட்டும் அப்படித் தொங்கவிட்டுப் பாக்குறேன் சார்" என்று சொல்லியிருக்கிறார்.

இனி சமையலறைக்கு வருவோம். ஒரே எடையில் இங்கே வாங்கிய தொடைக்கறியையும், வேறொரு கடையில் அன்று காலை வெட்டிய தொடைக்கறியையும், உப்பும் மஞ்சளும் தவிர எதுவும் சேர்க்காமல் தனித்தனிச் சட்டியில் மூடி வேகவைத்துப் பார்த்தேன். அன்றைய கறி முதல் சில நிமிடங்களிலேயே நிறையத் தண்ணீர் விட்டது, துண்டுகள் உருண்டு சுருண்டுகொண்டன. தொங்கிய கறி விட்ட தண்ணீர் குறைவு, துண்டுகள் வெட்டிய வடிவத்திலேயே பெரும்பாலும் நின்றன. அது வெந்து விரலால் பிய்க்க வந்தபோது, மற்றது இன்னும் ரப்பர் போல இழுத்துக்கொண்டிருந்தது. வாயில் வைத்தபோது தெரிந்த வேறுபாடு மென்மை மட்டுமன்று. தொங்கிய கறியில் சாறு நாக்கில் தங்கியது, பச்சை ரத்த வாடை இல்லை. வீட்டில் வழக்கமாக விடும் விசில் கணக்கை இந்தக் கறிக்கு அப்படியே பின்பற்றினால் நார் நாராகப் பிரிந்துவிடும். பிரியாணிக்குப் பயன்படுத்துகிறவர்கள், தம் போட்டு வேகும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, கறியை முன்னதாக வேகவைக்கும் நேரத்தைக் கணிசமாகக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

எல்லா வெட்டுக்கும் இந்தப் பலன் ஒரே அளவில் கிடைப்பதில்லை. தொடை, முதுகுக்கறி, சாப்ஸ் ஆகியவற்றில் வேறுபாடு மிகத் தெளிவாகத் தெரிகிறது. மிளகுபோட்டு வறுக்கவும், கல்லில் வாட்டவும் சாப்ஸை இங்கே வாங்குவதே சரி. கழுத்துக்கறி, நல்லி, முன்னங்கால் போன்ற பகுதிகளின் கடினத்துக்குக் காரணம் தசை இழையைவிட அதைச் சுற்றியுள்ள சவ்வும் நரம்பும். நொதிகள் அவற்றை அதிகம் தொடுவதில்லை, நிதானமான நெருப்பில் நெடுநேரம் வேகும்போதுதான் அவை கரையும். ஆகவே சூப்புக்கும் எலும்புக் குழம்புக்கும் அதிக விலை கொடுத்து இங்கே வாங்குவதில் பெரிய ஆதாயமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஈரல், சுவரொட்டி, போட்டி முதலியவற்றை இவர்கள் தொங்கவிடுவதில்லை, விடவும் கூடாது. அவை வெட்டிய அன்று காலையிலேயே விற்றுத் தீர்கின்றன, மிஞ்சியது மறுநாள் கடையில் இருப்பதில்லை. ஈரலைக் கேட்பவர் முன்னிலையிலேயே குறுக்கே கீறி, பித்தக் குழாய்களில் தட்டைப்புழு இல்லை என்று காட்டிவிட்டுத்தான் நிறுக்கிறார்கள். மான் கூடத்தில் ஈரலையும் நுரையீரலையும் குடலை ஒட்டிய நிணநீர்க் கட்டிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகே உடலுக்கு அனுமதி கொடுப்போம். உறுப்புகளில் தெரியும் நோய் தசையில் தெரியாது என்பதால், இந்தக் கீறிக்காட்டும் பழக்கத்தை எல்லாக் கடைகளிலும் வாடிக்கையாளர்கள் கேட்டுப் பெற வேண்டும்.

குறைகளும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைச் சமாளிக்கச் சனிக்கிழமை வெட்டும் ஆடுகளின் எண்ணிக்கை கூடுவதால், முதல் அறையில் இடம் போதாமல் சில உடல்கள் ஆறுவதற்கு முன்பே உள் அறைக்குத் தள்ளப்படுகின்றன. ஒரு ஞாயிறு வாங்கிய தொடை, மற்ற நாட்களில் வாங்கியதைவிடத் தெளிவாகக் கடினமாக இருந்தது. காரணம் கேட்டபோது கடைக்காரரே இடநெருக்கடியை ஒப்புக்கொண்டார். இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றும் தரத்தை வாரத்தின் மிக முக்கியமான நாளில் இழப்பது வருத்தமளிக்கிறது. முதல் அறையை விரிவாக்கும்வரை ஞாயிறு விற்பனைக்கு ஓர் எல்லை வைப்பதே முறை. அடுத்தது, பொட்டலம். அவ்வளவு அக்கறையாக உலர வைத்த கறியைக் கடைசியில் கறுப்பு பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக முடிச்சிட்டுக் கொடுக்கிறார்கள். வெயிலில் அரை மணி நேரம் அந்தப் பையில் இருந்தால் கறி வியர்த்து, மேற்பரப்பு மீண்டும் ஈரமாகிவிடும். மூடியுள்ள பாத்திரம் எடுத்துச் சென்றால் அதிலேயே போட்டுத் தருகிறார்கள், அதையே பழக்கமாக்கிக்கொள்வது நல்லது. கட்டையில் வெட்டும் இளைஞர்களில் ஒருவர் எலும்பைச் சிம்பு சிம்பாக நொறுக்கிவிடுகிறார், குழந்தைகளுக்கு வாங்குகிறவர்கள் எலும்பில்லாமல் கேட்பது பாதுகாப்பு.

விலை, அக்கம்பக்கத்துக் கடைகளைவிடக் கிலோவுக்கு 60 ரூபாய் அதிகம். தொங்கும்போது உடல் ஈரத்தை இழந்து நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு எடை குறையும், சீவி எறிவது தனி, மின்சாரம் தனி. இவற்றைக் கூட்டிப் பார்த்தால் இந்த விலை நியாயமானது. மேலும், தண்ணீர் ஊற்றிய கறியில் நாம் தண்ணீருக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறோம்.

போக நினைப்பவர்களுக்குச் சில தகவல்கள். செவ்வாய் முதல் வியாழன் வரை போனால் கூட்டம் குறைவு, கறியும் முறையாக ஆறியது கிடைக்கும். மூன்று இரவுத் தொடை வேண்டுமென்றால் அதற்கேற்ப முன்னதாகவே நேரில் சொல்லி முன்பணம் கொடுக்க வேண்டும். ஈரலும் போட்டியும் காலை ஏழரை மணிக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். திருவள்ளுவர் தினம், வள்ளலார் நினைவு நாள், மகாவீர் ஜெயந்தி, காந்தி ஜெயந்தி ஆகிய நாட்களில் எல்லாக் கறிக்கடைகளையும் போல இதுவும் மூடியிருக்கும். அவற்றுக்கு மறுநாள் விற்பனைக்கு வருவது விடுமுறைக்கு முன்பே வெட்டி இரண்டு இரவு தொங்கிய கறி என்பதால், அந்த நாட்களில் காலையிலேயே போய்விடுவது நல்லது. சாப்ஸ்தான் முதலில் தீர்கிறது.